துட்டி வீட்டில் நண்பனுக்கு என்ன வேலை?

கால்வாய்க்கரையான் எழுதியது:

என் நண்பர் ஆவணி மாதம் காலமானார். பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில் தொடங்கிய பழக்கம், இருவருக்கும் பேரன் பேத்திகள் பிறந்த பின்னும் விட்டுப்போகவில்லை. பாளையங்கால்வாய்ப் பாசனத்து ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது மதகையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் கால்வாய்க் காவலராக, சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை அந்தக் கால்வாய்க் கரையில் நடந்தே கழித்தார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்துவிட்டது. முதலாண்டு நினைவு நாளான தலைத்திவசத்தன்று உறவினர்களுக்குக் கொடுக்கச் சிறு நினைவு மலர் ஒன்றை அச்சிட விரும்பும் அவருடைய மூத்த மகன், அப்பாவைப் பற்றிய பகுதியை நான் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அது குறித்து இங்குள்ளவர்களிடம் யோசனை கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துத் துட்டி வீட்டில் ஒவ்வொரு உறவுக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளைகளும் பங்காளிகளும் உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்குப் போகிறார்கள். மனைவியின் பிறந்த வீட்டார் கோடித்துணி கொண்டு வருகிறார்கள். சம்பந்தி வீட்டுக் கோடி தனியாக வருகிறது. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கிறார்கள். நண்பனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. பந்தல்காரரிடம் பேசுவது, குளிர்பெட்டிக்குச் சொல்லிவிடுவது, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தொலைபேசியில் வழி சொல்வது ஆகியவைதாம் என் பங்குக்கு வந்தன. நீர்மாலை திரும்பி வந்தபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரோடு ஒரு வார்த்தை பேசாதிருந்த சித்தப்பா மகன்கள் பங்காளி முறையில் முன்னால் வந்தார்கள். நான் செருப்புக்குக் காவல் இருப்பவன் போலத் தெருவோரம் நின்றேன்.

என் கேள்வி அந்தப் பகையைப் பற்றியதுதான். பாகப்பிரிவினைத் தகராறு என்று அவருடைய மகன்கள் நம்புகிறார்கள், உண்மை வேறு. 1980-களில் ஒரு கார் நெல் பருவம். தென்மேற்குப் பருவமழை ஏமாற்றிவிட்டதால் அணையில் தண்ணீர் போதாமல், கால்வாயில் முறைவைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். கடைமடைக்கு முறை வந்த ஓர் இரவில், தலைமடைப் பக்கத்து மதகின் பூட்டை உடைத்துத் தம் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பியவர் அந்தச் சித்தப்பா. நண்பர் மதகை மறுபடி அடைத்தார். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. ஆனால் மேலதிகாரிக்குப் புகார் எழுதவில்லை. பூட்டு துருவேறிக் கழன்றுவிட்டதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டு, புதுப் பூட்டைத் தம் பணத்தில் வாங்கி மாட்டினார். புகார் எழுதாததற்கு நன்றி பாராட்டாத சித்தப்பா, தண்ணீரை அடைத்ததற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவர் போய்ச் சேர்ந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் பிள்ளைகள் அந்தப் பகையைக் காப்பாற்றி வருகிறார்கள்.

இதை என் நண்பர் என்னிடம் சொன்னார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவில்லை, சொல்லும்படியும் கூறவில்லை. இதை மலரில் எழுதலாமா?

கல்லிடைவாசி எழுதியது:

அண்ணாச்சி, முதலில் உங்கள் மனத்தாங்கலுக்குப் பதில் சொல்கிறேன். நண்பனுக்குச் சாஸ்திரத்தில் இடமே இல்லை என்பது முழுவதும் சரியன்று. புரட்டாசி அமாவாசைக்கு முந்தைய மகாளய பட்சத்தில் செய்யும் தர்ப்பணத்தில், பெற்றோர் வழி முன்னோர்களுக்குப் பின், காருணிய பித்ருக்கள் என்ற வரிசையில் சித்தப்பா, அத்தை, மாமனார், குரு ஆகியோரோடு நண்பர்களுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். தாமிரபரணிப் படித்துறைகளில் அந்த நாட்களில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், தமக்கு உறவே இல்லாத ஒருவரின் பெயரைச் சொல்லித் தண்ணீர் விடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். உங்கள் வீட்டு வழக்கம் வேறாக இருக்கலாம். ஆனாலும் நம்மவர்கள் நண்பனை அடியோடு மறந்துவிடவில்லை என்பதைச் சொல்ல விரும்பினேன். மலரைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

மேலப்பாளையத்தான் எழுதியது:

நீங்கள் சொல்லும் கால்வாய் எங்கள் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. தண்ணீர் வரும் நாளும் நிற்கும் நாளும் எங்கள் சிறுவயதில் தெருவுக்கே தெரியும். ஆகவே உங்கள் நண்பரை நான் முகம் பார்த்திருக்கவும் கூடும்.

எங்களில் ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, தோளில் சுமக்க உறவு முறை பார்ப்பதில்லை. வழியில் எதிர்ப்படுகிறவர்கூடச் சில அடி தூரம் உடலை வைத்துத் தூக்கும் சந்தூக்குக்குத் தோள் கொடுத்துவிட்டு விலகுவார். அடக்கத்தின்போது வந்தவர்கள் எல்லோரும் மும்முறை மண் அள்ளிப் போடுவார்கள். தொழுகைக்கு முன்னால் குடும்பத்தார் ஒருவர் எழுந்து, இறந்தவர் யாருக்கேனும் கடன் தர வேண்டியிருந்தால் தங்களிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுமாறு சொல்வதும் வழக்கம். அந்த இடத்தில் ஒரு நெருங்கிய நண்பனால் பெரும் உதவி செய்ய முடியும். வீட்டுக்குத் தெரியாத கைமாற்று அவனுக்குத்தான் தெரிந்திருக்கும்.

பூட்டு விஷயத்தில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. இறந்தவர்களின் நல்லதைப் பேசுங்கள், குறையை விட்டுவிடுங்கள் என்று சொல்லியே எங்களை வளர்த்தார்கள். இந்தக் கதையில் இறந்தவர்கள் இருவர். உங்கள் நண்பருக்காகப் பேச நீங்கள் இருக்கிறீர்கள். அந்தச் சித்தப்பாவுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

நான் எழுதச் சொல்லும் கட்சி. ஏனென்றால் நம் ஊர்களில் அச்சாகும் நினைவு மலர்களில் பத்தைப் பிரித்துப் பார்த்தால் பத்திலும் ஒரே மனிதர்தான் இறந்திருப்பார்: எளிமையானவர், பாசம் மிகுந்தவர், யாருக்கும் தீங்கு நினையாதவர். பெயரையும் படத்தையும் மாற்றிவிட்டால் எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும். உங்கள் நண்பர் பாளையங்கால்வாயில் நடந்தவர் என்பதற்கு அந்த மலரில் ஓர் அடையாளம் வேண்டாமா?

நம் கரிசல் பக்கத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் ஒரே தெருக்காற்றில் வளர்ந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது 1986-இல்தான். அழகிரிசாமி 1970-இல், ஐம்பது வயதைக்கூட எட்டாமல், காலமானார். அவருக்கான சாகித்திய அகாதெமி விருதே இறப்புக்குப் பின்தான் வந்தது. கி.ரா. 2021 வரை இருந்தார். நண்பனை இழந்த பின் அரை நூற்றாண்டு வாழ்ந்த அந்த மனிதர், நண்பன் தமக்கு எழுதிய கடிதங்களைப் பத்திரப்படுத்தித் தொகுத்து நூலாக்கினார். தாமே ஒரு புகழுரை எழுதி நிறுத்திக்கொள்ளாமல், நண்பனுடைய கையெழுத்தையே வாசகனிடம் கொடுத்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தபோது, திருநெல்வேலிக்காரரான தொ.மு.சி. ரகுநாதன் இருபத்து நான்கு வயது இளைஞர். மூன்றே ஆண்டுகளில், 1951-இல், அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். நினைவு சூடாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நமக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

முறப்பநாட்டான் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொல்வது எழுத்தாளர்களுக்குப் பொருந்தும். அவர்களுடைய வாழ்க்கை பாதி ஊருக்குச் சொந்தம். இந்த மலர் யார் கைக்குப் போகும் என்று பாருங்கள். தலைத்திவசப் பந்தியில் அந்தச் சித்தப்பாவின் மகன்களும் உட்கார்ந்திருப்பார்கள். இலை போடுவதற்கு முன் மலரைக் கையில் கொடுப்பார்கள். தங்கள் தகப்பனார் மதகை உடைத்தார் என்பதை அவர்கள் பாயசத்துக்கு முன்னால் படிக்க வேண்டுமா? வாயால் சொன்னதை நாளைக்கு மறுத்துவிடலாம். அச்சில் வந்ததை மறுக்க முடியாது. அதோடு, பதிவேட்டில் பொய் எழுதினார் என்பதும் அதே வாக்கியத்தில் வந்துவிடுகிறது. உங்களுக்கு அது பெருந்தன்மையாகத் தெரிகிறது. மலரைப் படிக்கும் ஓர் அரசு ஊழியருக்கு வேறு மாதிரி தெரியும்.

நண்பனின் வேலை என்ன என்று கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தில் அது அலுவலகங்களில் இருக்கிறது. வீட்டில் நிகழ்ந்த இறப்பை 21 நாட்களுக்குள் பதிவுசெய்தால் தாமதக் கட்டணம் இல்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த 21 நாட்கள் போவதே தெரியாது. பிறகு வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம், வங்கிக் கணக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். என் நண்பர் இறந்தபோது, அவருடைய மனைவியின் பெயர் ஓர் ஆவணத்தில் தலைப்பெழுத்து மாறியிருந்ததால், ஓர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் அலையவிட்டார்கள். கூடவே போய் வந்தேன். கொள்ளி வைக்கும் உரிமை மகனுக்கு இருக்கட்டும். வரிசையில் நிற்பதற்கு எந்த முறையும் தேவையில்லை.

வீரவநல்லூர் மகள் எழுதியது:

நான் உங்கள் எல்லோரையும்விட வயதில் சிறியவள். ஆனால் இந்த விஷயத்தை வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கும் இப்படி ஒரு நண்பர் இருந்தார். மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அவர் வராத நாள் எனக்கு நினைவில்லை. அப்பா இறந்தபோது எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். பதினாறாம் நாள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவர் பிறகு வரவேயில்லை. அம்மா வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. எங்களுக்குக் கோபம் இருந்தது. அப்பா இருந்தவரைதான் இந்த வீடு வேண்டியிருந்தது போலும் என்று பேசிக்கொண்டோம். நெடுநாள் கழித்து ஒரு கல்யாண வீட்டில்தான் காரணம் தெரிந்தது. தாலி அறுத்தவள் வீட்டுக்கு இவனுக்கு இன்னும் என்ன போக்குவரத்து என்று தெருவில் யாரோ சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. அவருக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். அம்மாவுக்கும் ஏறக்குறைய அதே வயது. எங்களுக்குக் கெட்ட பேர் வரக் கூடாது என்றே விலகிக்கொண்டார். அந்த விலகலால் எங்களுக்கு என்ன போயிற்று என்பது அவருக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு முன் அப்பா பம்பாயில் இருந்திருக்கிறார். அங்கே என்ன வேலை பார்த்தார், ஏன் திரும்பி வந்தார் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் சிரித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அந்த நண்பருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் கேட்கப் போவதற்குள் அவரும் காலமாகிவிட்டார். இப்போது அம்மாவிடம் இருப்பது அப்பாவின் இருபத்தெட்டாவது வயதிலிருந்துதான். அதற்கு முந்தைய மனிதரை அறிந்தவர் யாரும் இல்லை.

ஆகவே கால்வாய்க்கரை அண்ணாச்சியிடம் என் வேண்டுகோள் இது. எழுதலாமா வேண்டாமா என்பதை எங்களிடம் கேட்பதற்கு முன், நண்பரின் மனைவியிடம் நேரில் போய்ப் பேசுங்கள். பகலில் போங்கள், உங்கள் வீட்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். தெருவுக்கு அதற்கு மேல் பதில் சொல்ல வேண்டியதில்லை. பூட்டுக் கதையைக் கேட்கும் உரிமை முதலில் அவருக்குத்தான்.

கால்வாய்க்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வீரவநல்லூர் மகளே, உன் யோசனைப்படியே செய்கிறேன். உள்ளதைச் சொன்னால், விசேஷத்துக்குப் பிறகு நானும் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை; உங்கள் வீட்டுக்கு வந்தவருக்கு இருந்த தயக்கமே எனக்கும் இருந்தது.

அதற்குள் ஆசிரியர் ஐயா பார்ப்பதற்காக, பூட்டைத் தவிர்த்து எழுதிய ஒரு பகுதியை இங்கே தருகிறேன்.

"தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளைக் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை மூச்சு விடாமல் சொல்வார். அவற்றில் ஐந்தாவதான பழவூர் அணைக்கட்டில் பிரிவதுதான் அவருடைய கால்வாய். கார், பிசானம் என்னும் இரு நெல் பருவங்களைக் கொண்டே அவர் ஆண்டைக் கணக்கிட்டார். தம் மகள் பிறந்த தேதியைக் கேட்டால்கூட, பிசானத்துக்கு நாற்றுப் பாவிய வாரம் என்றுதான் முதலில் சொல்வார். பாபநாசம் அணையின் 143 அடியில் இன்று எத்தனை அடி இருக்கிறது என்பதை, பணி ஓய்வு பெற்ற பின்னும் காலைச் செய்தித்தாளில் முதலில் தேடிப் படிப்பார். படித்துவிட்டு, தினமும் என்னைத் தொலைபேசியில் அழைத்து அதைச் சொல்வார். எனக்கு ஒரு செண்டு வயலும் கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

1992 நவம்பர் வெள்ளத்தின்போது மூன்று நாட்கள் அவரைப் பற்றித் தகவல் இல்லை. நான்காம் நாள் காலில் செருப்பில்லாமல், கரை உடைந்த இடங்களைக் குறித்த ஒரு காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் வீட்டு வாசலில் வந்து நின்றார். காகிதம் ஊறிப்போய் எழுத்துக் கலைந்திருந்தது. அவர் மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல நான் வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் சாப்பிட்டார். 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்தப் பேய்மழையின்போது, தாழ்வான தெருக்களில் இருந்த தெரிந்தவர்களை எல்லாம் இரவோடு இரவாக அழைத்து வீட்டை விட்டுக் கிளம்பச் சொன்னார். பணி ஓய்வு பெற்ற லஸ்கரின் பேச்சை யார் கேட்பார்கள் என்று கேட்டேன். கேட்காதவர்கள் நாளைக்குக் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த எண்ணை அழுத்தினார். அவருக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. சீட்டாட்டத்தில் தோற்றால் இரண்டு நாள் பேச மாட்டார்."

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

செருப்பில்லாமல் நின்றவரை நான் பார்த்துவிட்டேன். சீட்டாட்டத்தை நீக்கிவிடாதீர்கள், மகன் நீக்கச் சொன்னாலும் விடாதீர்கள். "பேய்மழை" என்ற சொல் தேவையில்லை, 95 சென்டிமீட்டரே போதும். பூட்டு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் முறப்பநாட்டார் சொன்ன பந்தி இலைக்கு என்னிடம் பதில் இல்லை.

கால்வாய்க்கரையான் எழுதியது:

நேற்று என் மனைவியோடு போய் வந்தேன். நண்பரின் மனைவியான மதினி எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். பெரிய இரகசியத்தைச் சுமந்துகொண்டு போனவனாக, சுற்றி வளைத்து, மகன்கள் கேட்காதவாறு தாழ்ந்த குரலில், பூட்டுக் கதையைச் சொல்லி முடித்தேன். மதினி முழுவதும் கேட்டுவிட்டு, "தெரியும் அண்ணாச்சி, அந்த மாசச் சம்பளத்துல பூட்டுக் காசு குறைஞ்சது எனக்குத் தெரியாமலா போகும்?" என்றார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். ஆண்கள் முகம் பார்க்காமல் இருந்த அந்த முப்பது ஆண்டுகளும், சித்தப்பாவின் மனைவியும் மதினியும் கொல்லைப்புறத்தில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். மதினியின் இரண்டாவது பிரசவத்துக்குக் காய மருந்து இடித்துக் கொடுத்ததே அந்தச் சின்ன அத்தைதான். அவர் இன்னும் இருக்கிறார், பார்வைதான் மங்கிவிட்டது. மலரை யாராவது உரக்கப் படித்துக் காட்டுவார்கள், இந்த வயதில் அவருக்கு அது வேண்டாம் என்பது மதினியின் முடிவு. மகன்களுக்குத் தாமே சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்வதாகவும் கூறினார்கள். ஆகவே மலரில் பூட்டு வராது.

அதன் பிறகு மதினி என்னைக் கேட்டதெல்லாம் நான் எதிர்பாராத கேள்விகள். அவருக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது யார்? பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றார் என்று மாமியார் சொன்னது மெய்யா? காளானைக் கண்டாலே ஏன் எழுந்து போய்விடுவார்? கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போகும்போது வழியில் உங்களிடம் என்ன சொன்னார்? மூன்றாவது கேள்விக்கு எனக்கும் விடை தெரியவில்லை. மற்றவற்றைச் சொல்லச் சொல்ல, அடுக்களையில் இருந்த மருமகளும் வந்து உட்கார்ந்துவிட்டாள். நான்காவது கேள்விக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன்.

வருகிற செவ்வாய்க்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

முறப்பநாட்டான் எழுதியது:

நல்லது. குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்துவிட்டார்களா என்று செவ்வாய்க்கிழமை மறக்காமல் கேளுங்கள்.

வீரவநல்லூர் மகள் எழுதியது:

அண்ணாச்சி, அந்த மருமகளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவுசெய்ய வேண்டாம்; அதை எடுத்து எதிரில் வைத்தால் உங்கள் மதினி கேட்க நினைத்ததைக் கேட்காமல் விட்டுவிடுவார். காளானுக்குக் காரணம் தெரிந்த வகுப்புத் தோழர் யாராவது பாளையங்கோட்டையில் இருக்கிறாரா என்றும் விசாரித்துப் பாருங்கள்.